சுயபதிப்பு நாவலுக்கு மதிப்புரை: எதை வாசகரிடம் சொல்வது, எதை ஆசிரியரிடம் சொல்வது

பதிப்பகம் வெளியிடும் நாவலை வாசகருக்கு முன்பே சிலர் படித்திருப்பார்கள்: பிரதியைத் தேர்ந்தெடுத்தவர், திருத்தியவர், மெய்ப்புப் பார்த்தவர், பக்கம் கட்டியவர். தமிழில் பல இடங்களில் இந்த நான்கு பேரும் ஒரே ஆள்தான், சில இடங்களில் அந்த ஒரு ஆளும் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனாலும் 'இதை நம் பெயரில் போடலாமா' என்று ஆசிரியர் அல்லாத ஒருவர் ஒருமுறையாவது யோசித்திருப்பார். சுயபதிப்பில் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமலேயே புத்தகம் விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஆகவே மதிப்புரை எழுதுகிறவர்தான் பெரும்பாலும் அதன் முதல் வெளிவாசகர். எடிட்டர் பார்த்திருக்க வேண்டிய வேலை, காலம் கடந்து, அவர் தலையில் வந்து விழுகிறது.

வழக்கமான இரண்டு கோளாறுகளும் இங்கேதான் பிறக்கின்றன. 'பாவம், கைக்காசைப் போட்டிருக்கிறார்' என்று இரங்கி, பின்னட்டையில் உள்ளதையே நான்கு வரி நீட்டி எழுதிவிடுவது ஒரு வகை. எழுத்துப்பிழைகளை எண்ணிப் பட்டியல் போட்டுவிட்டு அதற்கு மதிப்புரை என்று பெயர் வைப்பது இன்னொரு வகை. முதலாமவர் வாசகரை ஏமாற்றுகிறார். இரண்டாமவர் நாவலைப் படிக்கவே இல்லை. இதற்கு நடைமுறையில் உதவுவது ஒரு பழக்கம்: குறைகளைப் படிக்கும்போதே இரண்டாகப் பிரித்துக் குறித்துக்கொள்வது. ஆசிரியர் உட்கார்ந்து திருத்திவிடக்கூடியது அவருக்குத் தனியாக. வாசகர் காசும் நேரமும் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது மதிப்புரையில்.

காவிரி டெல்டாவில் இந்தப் பிரிவினை இன்னும் அவசியம். எழுதுகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி அலுவலர், வேளாண் துறை ஊழியர் என்று யாராவது தெரிந்தவராக இருப்பார். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ நூலக வாசகர் வட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர். கதையும் பெரும்பாலும் இதே மண்ணைப் பற்றியது. நட்பு ஒரு பக்கம் கையைப் பிடிக்கும். ஊர் விவரம் தெரிந்திருப்பதால் குறை மறுபக்கம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் விவரப் பக்கம்

நூலைத் திறந்ததும் படிக்க வேண்டியது முன்னுரையை அல்ல, நூல் விவரப் பக்கத்தை. சுயபதிப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் நான்கு தனித்தனி வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய பிழைகள் உண்டு.

முதல் வழி கிண்டில். 2016 இறுதியிலிருந்து அமேசான் இந்தியாவில் தமிழ் மின்னூல்களை விற்கிறது. ஆசிரியரே கோப்பை ஏற்றி, அட்டைப்படம் வைத்து, விலையும் வைத்துவிடலாம். இரண்டாவது, கேட்கும்போது மட்டும் அச்சிடும் நிறுவனங்கள். ஒரு பிரதி வேண்டுமென்றால் ஒரு பிரதி அடிப்பார்கள். மூன்றாவது பழைய முறை: உள்ளூர் டி.டி.பி. சென்டரில் தட்டி, சென்னையிலோ சிவகாசியிலோ ஆஃப்செட்டில் முந்நூறு ஐந்நூறு பிரதி அடித்து, வீட்டில் கட்டுக் கட்டாக அடுக்கி வைப்பது. நான்காவதுதான் குழப்பமானது: அட்டையில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும், ஆனால் செலவு முழுக்க ஆசிரியருடையது. இதைத் தவறு என்று சொல்ல முடியாது. 'பதிப்பகம் தேர்ந்தெடுத்தது' என்ற எண்ணத்தோடு மட்டும் படிக்கக் கூடாது.

ஐ.எஸ்.பி.என். எண் இருப்பதைத் தரச் சான்று போலச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. இந்தியாவில் அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் 13 இலக்கம் அது. நூலை அடையாளம் காண உதவும், அவ்வளவுதான். அந்த எண்ணே இல்லாத நல்ல நாவலும் இருக்கும்.

கிண்டிலில் வந்ததென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 'கிண்டில் அன்லிமிடெட்' சந்தாவில் கிடைக்கிறதா? அதற்கு ஆசிரியர் அமேசானின் 'கே.டி.பி. செலக்ட்' (கே.டி.பி. என்பது ஆசிரியரே மின்னூல் ஏற்றும் தளம்) திட்டத்தில் 90 நாள் ஒப்பந்தம் போட்டிருப்பார். அந்தக் காலத்தில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற இணையத் தளத்தில் தொடராக வந்த கதை திடீரென்று அங்கே காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். சந்தாவில் படிப்பவர் எத்தனை பக்கம் புரட்டினாரோ அத்தனை பக்கத்துக்குத்தான் ஆசிரியருக்குப் பணம். 180 பக்கத்தில் முடிய வேண்டிய கதை 320 பக்கம் ஓடினால் இந்தக் கணக்கும் மனதில் இருக்கட்டும். ஆசிரியரின் உள்நோக்கத்தை மதிப்புரையில் ஊகித்து எழுத வேண்டியதில்லை. 'நடுவில் நூறு பக்கம் நகரவில்லை' என்று எழுதினால் போதும்.

ஒத்துக்கொள்வதற்கு முன்

மின்னூலுக்கு ஏறத்தாழ முதல் பத்து சதவீதம் மாதிரியாக இலவசமாகக் கிடைக்கும். அதைப் படித்த பிறகு சம்மதம் சொல்வது நல்லது. அச்சு நூலைக் கையில் கொடுத்தால், 'படிக்கிறேன், எழுதுவதற்கு ஏதாவது இருந்தால் எழுதுகிறேன்' என்பதற்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டாம். 'நல்லபடியாக எழுதுங்கள்' என்ற வேண்டுகோள் எப்படியும் கூடவே வரும். அதற்குத் தலையை ஆட்டிவிட்டால் பிறகு எழுதுவது மதிப்புரை ஆகாது.

அமேசானில் எழுதுவதென்றால் அதன் விதிகள் கறாரானவை. குடும்பத்தார், நெருங்கிய நண்பர்கள் எழுதக் கூடாது. காசு வாங்கி எழுதக் கூடாது. 'என் நாவலுக்கு நீ, உன் நாவலுக்கு நான்' என்ற பண்டமாற்றும் கூடாது. இலவசப் பிரதி வாங்கலாம், ஆனால் மதிப்புரை எழுதியாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக் கூடாது. கண்டுபிடித்தால் மதிப்புரைகளை நீக்கிவிடுவார்கள், நல்ல எண்ணத்தில் எழுதியதும் சேர்ந்தே போகும். நூல் வெளியான அன்று மாலைக்குள் சேரும் பன்னிரண்டு ஐந்து நட்சத்திரங்கள் ஆசிரியருக்கு உதவியைவிட ஆபத்துதான் அதிகம்.

எழுத்துரு செய்யும் சேட்டை

தமிழ் சுயபதிப்பில் பிழைகள் என்று தெரிபவற்றில் ஒரு பங்கு ஆசிரியர் செய்தவையே அல்ல. இதை அறியாமல் 'ஆசிரியருக்குத் தமிழே தெரியவில்லை' என்று எழுதினால் அநியாயம்.

டி.டி.பி. சென்டர்களில் இன்னமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பைக் கிண்டிலுக்காக யுனிகோடுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் தவறான குறியீட்டில் போய் உட்காரும். அடிக்கடி வருவது, 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்த 'ா்'. 'அவா்', 'ஊா்' என்று வரும். பல திரைகளில் வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது, வாசித்துக் காட்டும் செயலி தடுமாறும், எழுத்தைப் பெரிதாக்கினால் கோணலாகத் தெரியும். இதே இனத்தில், 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தைத் தட்டுவது, 'எ' என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழு '௭' வந்து நிற்பது. அச்சுப் புத்தகத்தில் வேறு மாதிரி: பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தை விட்டு விலகி, புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். மின்னூலின் தேடல் பெட்டியில் 'ா்' என்று போட்டுப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் அது கோப்பு மாற்றத்தின் வேலை. ஒரே தடவை 'கண்டுபிடித்து மாற்று' கொடுத்தால் தீர்ந்துவிடும். இது ஆசிரியருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது.

ஆசிரியரே செய்யும் பிழைகள் வேறு ரகம். ல, ள, ழ மயக்கம். 'சுவரில்' என்பதைச் 'சுவற்றில்' என்றும், 'முயன்றான்' என்பதை 'முயற்சித்தான்' என்றும், 'கோத்தான்' என்பதைக் 'கோர்த்தான்' என்றும் எழுதுவது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் விடுவது, வேண்டாத இடத்தில் போடுவது. 'வாணி', 'நாவி' போன்ற இலவசத் திருத்திகளில் ஒருமுறை போட்டு எடுத்திருந்தாலே பாதி போயிருக்கும். எத்தனை பிழை வரை பொறுப்பது என்பதற்கு ஒரு தோராயமான அளவு வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தின் முதல், நடு, கடைசிப் பகுதிகளிலிருந்து பத்துப் பக்கங்களை எடுத்து எண்ணுங்கள். பத்துப் பக்கத்துக்கு நான்கைந்து என்றால் மதிப்புரையில் பேச்சே வேண்டாம், பதிப்பக நூல்களிலும் அது உண்டு. பக்கத்துக்கு ஒன்று என்றால் ஒரே வாக்கியம். பக்கத்துக்கு மூன்று நான்கு என்றால் வாசிப்பே இடறுகிறது, அதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். முதல் மூன்று அத்தியாயம் சுத்தமாக இருந்து பிறகு பிழை பெருகினால் காரணம் ஊகிக்கலாம்: மெய்ப்புப் பார்த்தவர் அங்கே களைத்துவிட்டார்.

கதை நடக்கும் மண்

டெல்டா நாவல்களில் மதிப்புரையாளர் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். வெளியூர் வாசகர் எழுதியதை அப்படியே நம்பிவிடுவார். உள்ளூர் வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே உதட்டைப் பிதுக்கிப் புத்தகத்தை மூடிவிடுவார்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. மரபுதான், ஆண்டுதோறும் அப்படி நடப்பதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை போயிற்று. ஆக, 2024 ஜூன் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் புரள, கதாநாயகி நாற்று பறித்துக்கொண்டிருந்தால் அந்த வயலுக்குப் போர்செட் இருந்ததா என்று நாவல் சொல்லியிருக்க வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். தலைமடையில் நடவு தொடங்கும்போது கடைமடையில் இன்னும் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருப்பார்கள். திருவையாற்றுக்கும் வேதாரண்யத்துக்கும் ஒரே நாளில் தண்ணீர் கொண்டுவந்துவிடும் நாவல், டெல்டாவின் பெரிய சண்டைக்கே காரணமான விஷயத்தைத் தவறவிட்டுவிட்டது என்று பொருள். பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாயே மேட்டூர்த் திட்டத்தோடு 1934-ல்தான் முடிந்தது. 1920-ல் நடக்கும் பேராவூரணிக் கதையில் அந்தக் கால்வாய்ப் பாசனம் வந்தால் தவறு.

அடுத்து பயிர். குறுவை நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும் குறுகிய காலப் பயிர். சம்பா நீண்ட காலப் பயிர், தைக்குப் பக்கத்தில் அறுப்பு. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடுவது தாளடி. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். இந்த விவரம் ஒரு நாவலில் சரியாக வந்திருந்தால் எழுதியவர் வரப்பில் நின்றவர் என்று தெரிந்துவிடும், அதைப் பாராட்டிச் சொல்லலாம். ஐ.ஆர்.8 நெல் 1966-ல் வந்தது. அதற்கு முந்தைய கதையில் வரக் கூடாது. 2020-க்குப் பிந்தைய கதையில் ஊர் முழுக்க அரிவாளோடு அறுப்புக்கு இறங்கினால் அதற்கும் காரணம் வேண்டும். ஈர வயலில் இப்போது பெல்ட் போட்ட அறுப்பு மிஷின்தான் இறங்குகிறது, வாடகை மணிக்கணக்கில். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மழைக் காலத்தில் அரசு தளர்த்தினால் கொஞ்சம் கூடும். அங்கே நெல்லைக் கொட்டிவைத்துக் காவல் கிடக்கும் இரவுகளை எழுதாமல், 'நெல்லை விற்றுக் காசோடு வந்தான்' என்று ஒரே வரியில் தாண்டிவிடும் நாவல்களே அதிகம். இது பிழை இல்லை. ஆனால் கைக்கு எட்டிய கதையைத் தவறவிட்டது என்று மதிப்புரையில் தாராளமாக எழுதலாம்.

நில அளவு தடுக்கி விழ வைக்கும் இன்னொரு இடம். தஞ்சைக் கணக்கில் நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அதாவது ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர். 'முந்நூறு வேலிப் பண்ணையார்' என்று எழுதினால் 2000 ஏக்கர். கதை 1975-ல் நடக்கிறதென்றால் ஒரு கேள்வி எழும். 1961 நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று உச்சவரம்பு வைத்தது, 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. பினாமி, டிரஸ்ட், பிரித்து எழுதிய பத்திரம் என்று ஏதோ ஒன்று இல்லாமல் அந்த நிலம் அவர் கையில் இருந்திருக்க முடியாது. அந்த ஏதோ ஒன்றில்தான் நாவலே இருக்கிறது.

நிர்வாகப் பெயர்கள் சின்னப் பிழைகள், ஆனால் நிறைய வரும். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் 1991-ல் பிரிந்தது, திருவாரூர் 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். 1985-ல் 'திருவாரூர் கலெக்டர்' கிடையாது. மாயவரம் அரசுப் பெயரில் மயிலாடுதுறை ஆனது 1982-ல். ஆனால் பேச்சில் இன்றைக்கும் மாயவரம்தான், ஆகவே பாத்திரம் அப்படிச் சொன்னால் பிழை பிடிக்கக் கூடாது. சுனாமி 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் அருகே கரை கடந்தது. இவற்றை வைத்து எழுதப்படும் நாவல்களில் தேதி சரியாகவும் நேரம் தவறாகவும் இருப்பது உண்டு. கஜாவைப் பட்டப்பகலில் அடிக்க விட்டால், இருட்டில் தென்னை முறியும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்த மனிதர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பேச்சு வழக்கைக் காதால் சோதிக்க வேண்டும். திருத்துறைப்பூண்டி விவசாயத் தொழிலாளி 'ஏனுங்க' என்றோ 'ஏலே' என்றோ பேசினால், ஆசிரியரின் காது ஊரைவிடச் சினிமாவில் பழகியிருக்கிறது. அப்பாவின் அம்மாவை 'அப்பாயி' என்று கூப்பிடும் வீட்டில் நடுவில் திடீரென்று 'பாட்டிம்மா' நுழைந்தால் இரண்டு வேறு வரைவுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒரே பாத்திரம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பேச்சு மாறுவதுதான் எடிட்டர் இல்லாததன் மிகத் தெளிவான அடையாளம். பெயரும் வயதும் மாறுவது அதற்கு அடுத்தது. ஒரு தாளில் பாத்திரம், வயது, உறவு, முதலில் வரும் பக்கம் என்று குறித்துக்கொண்டே போனால் இவை தானாகச் சிக்கும்.

கீழவெண்மணி போன்றவற்றைத் தொடும் நாவல்களிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 1968 டிசம்பர் 25, குடிசைக்குள் எரிக்கப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் 44 உயிர்கள். இதில் கைதவறிய ஒரு விவரத்தையும் சிறு பிழை என்று தள்ளிவிட முடியாது. அதே நேரம், எடுத்துக்கொண்ட பொருள் பெரியது என்பதற்காக நாவலுக்கு மதிப்பெண் போடுவதும் சரியில்லை. அந்த இரவைப் பற்றிச் செய்தியாகத் தெரிந்ததற்கு மேல் நாவல் எதைக் காட்டியது என்று கேட்க வேண்டும்.

சோழர் கால நாவல்கள்

டெல்டாவில் சுயபதிப்பாக வருவனவற்றில் இதற்கென்றே ஒரு தனி அடுக்கு ஒதுக்கலாம். இவற்றில் அடிக்கடி கண்ணில் படுபவை சில. முதலாம் ராஜராஜன் 1010-ல் எழுப்பி முடித்த பெரிய கோயிலில் அவன் அந்தப் பெரிய நந்தியை வணங்குவது; இன்று நாம் பார்க்கும் அந்த நந்தி நாயக்கர் காலத்தது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சிற்பி பெருமைப்படுவது. வெயில் நாளில் நேரில் போய்ப் பார்த்தால் விழுகிறது. படைவீரன் மிளகாய் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாம் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிந்தியவை. காரத்துக்கு மிளகுதான். 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்று ஒற்றன் சொல்வது. நாழிகை என்றால் 24 நிமிடம், அதை வைத்துத்தான் கணக்கிட்டிருப்பான்.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். ஆதித்த கரிகாலன் கொலையில் யார் பங்கு என்ன என்று ஆசிரியர் புதிதாகக் கற்பனை செய்வது பிழை ஆகாது. கொலைக்குற்றத்தில் சிக்கியவர்களின் நிலம் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு கொஞ்சம் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. மிச்சம் நாவலாசிரியனின் இடம். கல்வெட்டு சொல்வதைத் தெரிந்துகொண்டு மீறினாரா, தெரியாமலே கடந்துபோனாரா என்பதுதான் கேள்வி. முன்னுரையிலோ பின்குறிப்பிலோ ஒரு பத்தி எழுதியிருந்தால் விடை கிடைத்துவிடும்.

எந்தப் பிழை எந்தப் பக்கம் போகும்? கதை அந்தத் தகவலின் மேல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். படைவீரன் கையில் இருக்கும் மிளகாயை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்கும், அது ஆசிரியருக்கான குறிப்பு. 1920-ல் இல்லாத கால்வாயில் மடை உடைத்ததற்காகக் கொலை விழுந்து, அந்தக் கொலையில்தான் கதை ஓடுகிறதென்றால் அது மதிப்புரைக்குள் வந்தாக வேண்டும். எல்லாத் தகவலையும் சரிபார்க்க ஒருவரால் முடியாது. ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கதையின் முடிச்சோடு சேர்ந்த மூன்று, உதிரியாக இரண்டு. ஐந்தும் சரியாக இருந்தால் மிச்சத்தை நம்பலாம். மூன்று தவறினால் ஆசிரியர் எதையும் சரிபார்க்கவில்லை என்று எழுதத் தயங்க வேண்டாம்.

தொடராக எழுதியது நூலாகும்போது

பிரதிலிபி 2014-ல் தொடங்கிய தளம். அங்கே வாரம் ஓர் அத்தியாயமாக வளர்ந்த கதைகளை அப்படியே நூலாக்குகிறார்கள். அத்தியாயத் தொடக்கத்தில் போன வாரக் கதையின் சுருக்கம், முடிவில் ஒரு திடுக்கிடல், வாசகர் கேட்டுக்கொண்டதால் பாதியில் உயிர் பிழைத்த துணைப்பாத்திரம். தொடரில் இவை பலம், நூலில் சுமை. மதிப்புரையில் இதைச் சொல்லும்போது 'முதலில் தொடராக வந்தது' என்பதையும் சேர்த்துச் சொன்னால் வாசகருக்குப் புரியும். மற்ற அமைப்புக் குறைகள் தெரிந்தவைதான்: முதல் நாற்பது பக்கம் வம்சாவளி, பாத்திரங்கள் வழியாக ஆசிரியரின் சொற்பொழிவு, எல்லாருக்கும் கல்யாணமோ சாவோ கொடுத்து அவசரமாக முடிப்பது. எங்கே கதை உண்மையில் தொடங்குகிறது என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள். 'நாவல் 43-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது' என்ற ஒரு வரி மூன்று பத்திக்குச் சமம்.

எழுதும் முறை

முதல் வாசிப்பில் பென்சிலைக் கையில் எடுக்காமல் வாசகராகவே படிப்பது நல்லது. எங்கே புத்தகத்தைக் கீழே வைக்கத் தோன்றியதோ அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. இரண்டாம் முறை சீட்டு வைத்த இடங்களிலிருந்து பின்னோக்கிப் போனால், அலுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பக்கம் முன்னாலேயே கிடைக்கும். பாதியில் நிறுத்திவிட்டால் மதிப்புரை எழுத வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

எழுநூறு சொல் தாராளம். தொடக்கத்தில் வடிவம், பக்கம், விலை, எங்கே கிடைக்கும், பிரதி எப்படி வந்தது, ஆசிரியரைத் தெரியுமா என்பவை. கதைச் சுருக்கம் நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், பாதிக் கதைக்கு அப்பால் நடப்பதைச் சொல்ல வேண்டாம். பிறகு இரண்டு மேற்கோள். ஒன்று ஆசிரியர் நன்றாக எழுதிய இடம். மற்றது சராசரி இடம். மோசமான இடத்தைத் தேடி எடுத்துப் போடுவது சுலபம், ஆனால் வாங்கப்போகிறவருக்குப் பயன்படுவது சராசரிப் பக்கம்தான். விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டுவதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது, ஒரு பத்திக்குள் நின்றால் சிக்கல் வராது. மேற்கோளில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி எடுத்தாண்டதாகக் குறிப்பிடுங்கள்.

குறையைச் சொல்லும் வாக்கியம் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். 'பாத்திரப் படைப்பில் ஆழம் போதவில்லை' என்பதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 'அண்ணன் நிலத்தை விற்கச் சம்மதிப்பது கதையின் பெரிய திருப்பம். ஆனால் அவர் எப்போது மனம் மாறினார் என்பதற்கு ஒரு காட்சியும் இல்லை' என்றால் வாசகருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். பாராட்டுக்கும் இதே அளவுகோல்தான். 'மண் மணம் வீசுகிறது' என்பதை டெல்டா நாவல்கள் பற்றி எழுதும் எல்லாரும் கொஞ்ச காலம் விட்டுவைத்தால் நல்லது. 'முறைப்பாசன நாளில் மதகடியில் இரவு முழுக்கக் காவல் இருக்கும் காட்சி எட்டுப் பக்கம் போகிறது, ஒரு வரியும் மிகையில்லை' என்று எழுதலாம்.

சுயபதிப்புக்கென்று சலுகை மதிப்பெண் தருவதில் நியாயமில்லை. வாங்குகிறவர் சலுகை விலையில் நேரத்தைச் செலவிடுவதில்லை. அட்டை, பைண்டிங், காகிதம் பற்றி ஒரு வரி போதும். மின்னூலில் பொருளடக்கத்தைத் தொட்டால் அத்தியாயத்துக்குப் போகிறதா என்பது அட்டையைவிட முக்கியம்.

ஆசிரியருக்கு அனுப்பும் பட்டியல்

இது மதிப்புரை வெளிவருமுன் போய்ச் சேர வேண்டும். நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை: பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது. மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் ஒரு திரையில் தெரியும் வரிகள் மாறிவிடும். ஆகவே அத்தியாய எண்ணும், தேடிப் பிடிக்கும்படி மூன்று நான்கு சொற்களும் கொடுக்க வேண்டும். எல்லாப் பிழையையும் குறிக்க முயல வேண்டாம். வகைக்கு ஐந்து காட்டினால் மிச்சத்தை அவரோ ஒரு மெய்ப்பாளரோ பார்த்துக்கொள்ளலாம். கேட்காமல் அனுப்புவதும் சரியில்லை. 'பிழைப் பட்டியல் வைத்திருக்கிறேன், வேண்டுமா?' என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள்.

திருத்தம் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பது வெளியிட்ட வழியைப் பொறுத்தது. கிண்டிலில் திருத்திய கோப்பை மறுபடி ஏற்றினால் சில நாளில் விற்பனைக்கு வந்துவிடும். கேட்டால் அச்சிடும் முறையிலும் அடுத்த பிரதி திருத்தத்தோடு வரும், சில நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கேட்கும். ஆஃப்செட்டில் ஐந்நூறு அடித்தவருக்கு வழி குறைவு. பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை உள்ளே வைக்கலாம், அல்லது கட்டுகள் தீரும்வரை காத்திருக்கலாம்.

மின்னூல் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் மதிப்புரையின் அடியில் எந்த மாதம் இறக்கிய பிரதியைப் படித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவரின் கருவியில் பழைய கோப்பே கிடக்கக்கூடும், புதிதாக வாங்குகிறவருக்குத் திருத்திய கோப்பு வரும். நீங்கள் சொன்ன பிழையைத் தேடிப் பார்த்து அது அங்கே இல்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்தால், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஆசிரியர் திருத்திவிட்டதாகத் தெரிவித்தால் மாதிரிப் பகுதியை மறுபடி இறக்கிப் பார்த்து, மதிப்புரையின் மேலேயே ஒரு வரி சேர்த்துவிட்டு, எழுத்துப்பிழை பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடலாம். கதையைப் பற்றிச் சொன்னதை எடுக்க வேண்டியதில்லை.